இரத்தப் பரிசோதனை எண்கள் சொல்வது என்ன?

2021 கோடையில் கொரோனா இரண்டாவது அலை வீசியபோது, நம் கடைவீதிகளில் சரக்கு விலையைவிட அதிகமாகப் பேசப்பட்டவை டி-டைமர், சி.ஆர்.பி., ஃபெர்ரிட்டின் என்ற பெயர்கள்தான். காய்ச்சல் கண்ட மறுநாளே ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் பரிசோதனை செய்து, தாளில் தடித்த எழுத்தில் இருந்த எண்ணைக் கண்டு கலங்கியவர்கள் நம் உறுப்பினர்களிலும் உண்டு. நோய் இன்னும் முற்றிலும் விலகிவிடவில்லை. எனவே அந்த எண்களின் மதிப்பு என்ன என்பதை வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்வது நல்லது.

சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி ஏற்படும்போது கல்லீரல் சுரக்கும் புரதம். டி-டைமர் என்பது இரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் துணுக்கு. எல்.டி.எச். என்பது சிதைந்த செல்களிலிருந்து கசியும் நொதி. நோய் முற்றும்போது இவை பொதுவாக ஏறுகின்றன. லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் குறைகின்றன.

இந்தக் கணக்கு சீனாவின் வூகான் நகரில் தொடங்கியது. அங்கே இரு மருத்துவமனைகளில் 191 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2020 மார்ச்சில் வெளியிட்டார்கள். அவர்களில் 54 பேர் இறந்துவிட்டனர். முதிய வயதும், சேர்க்கையின்போதே மில்லி லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்த டி-டைமரும் ஆபத்தின் அறிகுறிகள் என்று தெரிந்தது.

அதே ஆண்டு மே மாதத்தில் வூகானிலிருந்தே இன்னொரு ஆய்வு வந்தது. 485 நோயாளிகளின் இரத்தத்தைக் கொண்டு, எல்.டி.எச்., லிம்போசைட், சி.ஆர்.பி. ஆகிய மூன்றை மட்டும் பார்த்தே, முடிவைப் பத்து நாள் முன்னதாக 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லலாம் என்றது. ஆனால் நெதர்லாந்து, பிரான்சு, நியூயார்க் மருத்துவர்கள் தம் நோயாளிகளிடம் சோதித்தபோது அது அவ்வளவு பலிக்கவில்லை. காரணம் நமக்குப் புரியக்கூடியதே. அந்த விதி பெரும்பாலும் நோயாளியின் கடைசி இரத்த மாதிரியிலிருந்து உருவானது. ஆண்டு முடிந்து ஐந்தொகை எழுதும்போது லாப நஷ்டம் சொல்வது எளிது. சித்திரை முதல் நாளில் சொல்வதல்லவா கடினம்!

பிரிட்டனில் இதைவிடப் பெரிய கணக்கு போட்டார்கள். 260 மருத்துவமனைகளில் 35,463 பேரின் விவரங்களை வைத்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி, பிறகு வேறு 22,361 பேரிடம் சரிபார்த்தார்கள். 3 அல்லது அதற்குக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். 15 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர். இதில் எட்டு அம்சங்கள் உண்டு. அவற்றில் இரத்தப் பரிசோதனை யூரியா, சி.ஆர்.பி. ஆகிய இரண்டு மட்டுமே. மற்றவை வயது, பாலினம், பிற நோய்கள், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவு நிலை ஆகியவை.

மண்டியில் குத்தூசி போட்டு எடுத்த ஒரு கைப்பிடி அரிசியை வைத்து லாரிச் சரக்கு முழுவதற்கும் நாம் விலை பேசுவதில்லை. ஓர் எண்ணும் அப்படித்தான்.

ஆனால் உரிய இடத்தில் அந்த எண் உயிர் காக்கிறது. ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு டோசிலிசுமாப் மருந்து இறப்பைக் குறைத்ததைப் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு 2021-இல் காட்டியது. அதே ஆய்வு 2020-இல் டெக்சாமெத்தசோன் பற்றிச் சொன்னதும் முக்கியம்: செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்த அந்த ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. லேசான நோய்க்கு இத்தகைய பரிசோதனைகள் வேண்டாம், அவை தேவையற்ற மருந்தில் கொண்டுபோய் விடும் என்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா 2021 மே மாதத்தில் எச்சரித்தார். சர்க்கரை நோயுள்ளவர்கள் ஸ்டீராய்டு எடுத்துக் கருப்புப் பூஞ்சைக்கு ஆளான துயரத்தையும் அந்த ஆண்டே கண்டோம்.

ஆகவே உறுப்பினர்கள் கவனத்திற்கு: காய்ச்சல் வந்தால் முதலில் விரலில் மாட்டும் கருவியால் ஆக்சிஜன் அளவைப் பாருங்கள். அது 94-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ கடையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்தப் பரிசோதனை, எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பழைய பரிசோதனைத் தாள்களைத் தேதி வாரியாகக் கோத்து எடுத்துச் செல்லுங்கள். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே அவருக்கு வேண்டிய தகவல். தாளைப் பார்த்து நாமே மருந்து வாங்கிச் சாப்பிடும் வழக்கத்தை மட்டும் கைவிடுவோம்.