சிக்காகோவும் சென்னையும்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கி ரெயிலில் செல்வோர் காட்டாங்கொளத்தூருக்கு அடுத்தபடியாக மறைமலை நகர் என்னும் பலகையைக் காண்பர். வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்ட அடிகளாரின் பெயர் தாங்கிய ஊர் அது. அவ்வூரிலேதான் அமெரிக்க மோட்டார் கம்பெனியாகிய போர்டு தன் தொழிற்சாலையை நிறுவிற்று என்பது காலத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்தப்போவதாக அக்கம்பெனியார் அறிவித்தனர். இங்கும் குஜராத்திலுள்ள சானந்திலுமாகச் சுமார் 4,000 பேரின் பிழைப்பு அந்த ஓர் அறிக்கையில் அடங்கியிருந்தது. கொடுக்கப்போகும் ஈட்டுத்தொகை போதாதென்று 2022 மே மாத இறுதியில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஜூலையில் கடைசி வண்டி வெளிவந்தது. பிறகு வாயிற்கதவு சாத்தப்பட்டது.

முதலாளிகளின் இயல்பு இதுவே என்று பெருமூச்செறிந்துவிட்டு வேறு வேலை பார்ப்போர் உளர். நாம் அவ்வாறு விட விரும்பவில்லை. இவ்வியல்பு தோன்றி வளர்ந்த இடம் எது, அதை எதிர்த்து நின்றோர் யாவர், அவர் பட்ட பாட்டிலிருந்து நம் நாட்டார் கற்றது என்ன, கல்லாதது என்ன என்பவற்றைச் சற்று ஆராய்தல் நலம்.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின் அமெரிக்கா அடைந்த வளர்ச்சி உலகம் அதுவரை காணாதது. 1860-இல் சுமார் 30,000 மைலாயிருந்த இருப்புப்பாதை 1900-இல் ஒரு லட்சத்து 90,000 மைலைத் தாண்டிற்று. 1880-இல் பன்னிரண்டரை லட்சம் டன் அளவாயிருந்த எஃகு, இருபதே ஆண்டில் ஒரு கோடி டன்னாயிற்று. கார்னெகி, ராக்பெல்லர் போன்றோர் குபேரராயினர். அவ்வெஃகை உருக்கியவனோ நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் நின்றான்.

எட்டு மணி நேர வேலை வேண்டுமென்று 1886-ஆம் ஆண்டு மே முதல் தேதி அந்நாடெங்கும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையை விட்டு வெளிவந்தனர். நான்காம் தேதி இரவு சிக்காகோ நகரின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தில் யாரோ ஒருவன் குண்டு வீசினான். எறிந்தவன் யாரென்று இன்றுவரை நிச்சயமாகவில்லை. ஆயினும் எண்மர் குற்றவாளிகளாயினர். பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், எங்கல் என்னும் நால்வர் 1887 நவம்பர் 11-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் சிறையிலேயே மாண்டார். எஞ்சிய மூவரை 1893-இல் கவர்னர் ஆல்ட்கெல்டு விடுதலை செய்து, விசாரணையே நியாயமாக நடக்கவில்லையென்று எழுதிவைத்தார். அவருடைய அரசியல் வாழ்வு அதனால் குன்றிற்று.

ஹேமார்க்கெட்டை யாவரும் அறிவர். நாம் இங்கே அதிகமாகச் சொல்ல விரும்புவது புல்மன் விவகாரத்தைப் பற்றியாகும். ரெயில் வண்டிகள் செய்த புல்மன் என்பார் சிக்காகோவுக்கருகே தம் பெயராலேயே ஓர் ஊர் அமைத்தார். வீடுகள், கடைகள், நூல்நிலையம் யாவும் அவருடையவை. 1893-இல் வியாபாரம் நொடித்ததும் கூலியைக் குறைத்தார். வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை! 1894 மே மாதம் அவ்வூரார் வேலையை நிறுத்தினர். யூஜின் டெப்ஸ் தலைமையிலிருந்த ரெயில்வே தொழிலாளர் சங்கம் புல்மன் வண்டி கோத்த ரெயிலைத் தொடமாட்டோமென்றது. சர்க்கார் என்ன செய்தது? நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது, பட்டாளத்தை அனுப்பிற்று. தடையை மீறினாரென்று டெப்ஸ் ஆறு மாதம் சிறை சென்றார். இதற்குச் சில நாள் முன்னர்தான் பிரஸிடெண்ட் கிளீவ்லண்டு தொழிலாளருக்கென ஒரு விடுமுறை நாளைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டிருந்தார். ஒரு கையால் மாலை, மறு கையால் துப்பாக்கி.

டெப்ஸின் சங்கத்தில் ஒரு குறையிருந்ததையும் மறைத்தலாகாது. நீக்ரோ மக்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லையென்று அச்சங்கத்தின் மகாநாடு அவ்வாண்டிலேயே தீர்மானித்தது. வெளியே நிறுத்தப்பட்டவன் உள்ளே இருப்பவனுக்காக ஏன் பட்டினி கிடப்பான்?

இனிப் பெரம்பூருக்கு வருவோம். பின்னி கம்பெனியாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நடுப்பகல் உணவுக்கு அரை மணியே கிடைத்தது. ஓடிச்சென்று உண்டு மீள்வதற்குள் கதவு மூடிவிடும். இக்குறையைக் கேட்ட செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அடையாற்றுக்குச் சென்று ஸ்ரீமான் பி. பி. வாடியாவை அழைத்துவந்தனர். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அதற்குத் துணைநின்றார். 1920-ஆம் ஆண்டு இறுதியில் கம்பெனியார் ஐகோர்ட்டை அடைந்து, வாடியாவுக்கும் சங்கத்தார்க்கும் எதிராகத் தடையுத்தரவு பெற்றனர். டெப்ஸைச் சிறைக்கு அனுப்பிய அதே ஆயுதம்! ஒப்பந்தத்தை மீறத் தூண்டினாரென்பது குற்றச்சாட்டு. சங்கம் என்றாலே சதி என்று கொள்ளும் ஆங்கிலச் சட்டம் கடல் கடந்து இரண்டு நாடுகளிலும் வேரூன்றியிருந்தது. முடிவில் வாடியா சங்கத்தை விட்டு விலகினார்.

1921-இல் நடந்த ஆறுமாத வேலைநிறுத்தம் நம் நெஞ்சைச் சுடுவது. ஆலையுள் மீண்டு சென்ற ஆதிதிராவிடத் தோழர்களும் வெளியே நின்ற பிறரும் புளியந்தோப்பில் மோதிக்கொண்டனர். குடிசைகள் எரிந்தன, போலீசார் சுட்டனர், உயிர்கள் போயின. கம்பெனியாரும் சர்க்காரும் பிளவைப் பயன்படுத்தினரென்று நம்மவர் அன்று குறைகூறினர். அது மெய்யே. ஆனால் பிளவை உண்டாக்கியது கம்பெனியன்று. கூட்டத்தில் சகோதரர் என்றழைத்துவிட்டுத் தெருவில் விலகி நடந்தவர் நாமே. டெப்ஸின் சங்கம் செய்த தவற்றை நாம் தீர்மானம் போடாமலே செய்தோம்.

அத்தடையுத்தரவினால் விளைந்த நன்மையும் ஒன்றுண்டு. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று 1921-இல் ஸ்ரீ என். எம். ஜோஷி டில்லிச் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அமெரிக்கத் தொழிலாளர் அத்தகைய உறுதியான காப்பைப் பெற 1935 வரை காத்திருந்தனர். இதற்கிடையே 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினத்தைக் கொண்டாடி, சிக்காகோவின் நினைவை இந்நாட்டில் முதன்முதலாக நாட்டினார்.

இவையெல்லாம் பழங்கதையென்று எண்ணுவோர் அண்மை ஆண்டுகளை நோக்குக. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் மசோதா நிறைவேறிற்று. எதிர்ப்பு மூண்டது, மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி (போர்டு அறிவிப்பின் அதே தேதி) ஸ்ரீபெரும்புதூரையடுத்த சாம்சங் ஆலையில் தொழிலாளர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது அவர் கோரிக்கைகளுள் முதன்மையானது. 1926-ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தும் பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில்தான். அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி அச்சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்தது. அதன்படி எந்த ஆலையிலும் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆலையை மூட அரசின் அனுமதி தேவைப்படும் எல்லையோ 100 தொழிலாளரிலிருந்து 300-ஆக உயர்ந்தது. தொழிலாளிக்குக் கட்டு ஏறிற்று, முதலாளிக்குக் கட்டு தளர்ந்தது என்றே நாம் இதைக் கருதுகிறோம்.

2025 அக்டோபரில் போர்டு கம்பெனியார் மறைமலை நகரில் மோட்டார் இயந்திரங்கள் செய்யத் தமிழ்நாட்டு அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். முதலீடு 3,250 கோடி ரூபாய். வேலை 600 பேருக்கு மேல் என்கின்றனர். வரட்டும், வரவேற்போம். அந்த 600 பேரில் எத்தனை பேர் நிரந்தர ஊழியர், எத்தனை பேர் ஒப்பந்தக் கூலிகள்? முன்னர் வெளியே அனுப்பப்பட்டவர்க்கு அதில் இடமுண்டா? மறுபடி கதவு சாத்தப்படுமானால் ஈட்டுத்தொகை எவ்வளவு என்பது இப்போதே எழுத்தில் வருமா? இவற்றுக்கு விடையை வேலைக்கு ஆள் எடுக்கும் முன்னரே சென்னைக் கோட்டையிலுள்ளோர் வெளியிட வேண்டும்.