தரை தொடும் திறன்

கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள சோமனூர், விசைத்தறிகளின் ஊர். இரவும் பகலும் ஓயாத தறியோசைக்கு மேலே அவ்வப்போது வேறோர் ஓசை எழுவதுண்டு. அருகிலுள்ள சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து புறப்படும் போர் விமானங்களின் முழக்கம் அது. 2018ஆம் ஆண்டில் தேஜஸ் விமானப் படைப்பிரிவு ஒன்று சூலூருக்கு வந்து சேர்ந்தது. எனினும், சூலூர் ஓடுபாதைக்கு அதனினும் பழைய வரலாறு உண்டு. கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள இவ்வூர் ஒரு காலத்தில் இந்தியக் கடற்படை விமானிகளின் பயிற்சிக்களமாக விளங்கியது என்பது பலர் அறியாத செய்தியாகும். 1958இல் கடற்படையின் ஜெட் விமானப் பிரிவு இங்குத் தொடங்கப்பட்டது. அதுவே 1961 செப்டம்பர் 5ஆம் நாள் ‘ஐ.என்.எஸ். ஹன்சா’ என்னும் பெயர் பெற்று, 1964இல் கோவாவின் டபோலிமுக்கு இடம்பெயர்ந்தது.

அவ்விமானிகள் இறங்க வேண்டியிருந்த இடம் ஐ.என்.எஸ். விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல். அதன் மொத்த நீளமே ஏறத்தாழ 213 மீட்டர். பள்ளித் திடலில் வரையப்படும் 400 மீட்டர் ஓட்டப்பாதையில் அது பாதிச் சுற்று அளவே ஆகும். விமானம் இறங்குவதற்குரிய பகுதியோ அதனினும் சிறியது. போதாக்குறைக்கு, அந்த ‘ஓடுபாதை’ அலைகளின்மீது அசைந்தபடி முன்னே நகர்ந்துகொண்டும் இருக்கும். 1961 மே 18ஆம் நாள் லெப்டினன்ட் இராதாகிருஷ்ண ஹரிராம் தஹிலியானி அத்தளத்தில் முதன்முதலாக ஜெட் விமானத்தை இறக்கினார். பின்னாளில் அவர் கடற்படைத் தலைமைத் தளபதியாகவும் உயர்ந்தார்.

கப்பல் தளத்தின் குறுக்கே வலிய எஃகு வடங்கள் கட்டப்பட்டிருக்கும். விமானத்தின் வாலடியில் தொங்கும் கொக்கி அவற்றுள் ஒன்றைப் பற்றியிழுக்க, விமானம் சில நொடிகளில் நின்றுவிடும். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. சக்கரங்கள் தளத்தைத் தொட்டதும் விமானி விசையைக் குறைப்பதில்லை. முழு அளவுக்குக் கூட்டுகிறார். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் அடுத்த நொடியே மீண்டும் வானில் எழ வேண்டும். விசை குறைந்திருந்தால் விமானம் கடலில் விழும். இறங்கும் அந்நொடியிலும் இறங்காமல் போவதற்கு ஆயத்தமாக இருப்பதே அம்முறையின் அடிப்படை.

நிலத்தில் இறங்கும் பயணிகள் விமானத்துக்கு வடமும் இல்லை, கொக்கியும் இல்லை. தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை, அண்மையில் நீட்டிக்கப்படும்வரை, 1,350 மீட்டராகவே இருந்தது. பெரிய ஜெட் விமானங்கள் அங்கு வர இயலாது. ஏ.டி.ஆர். போன்ற, உந்துவிசிறி பொருத்திய விமானங்களே வந்து சென்றன. இத்தகைய ஓடுபாதையில் விமானியின் கணக்கு எப்படி அமையும் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

விமானம் பொதுவாகத் தரையை நோக்கி மூன்று பாகைச் சரிவில் வருகிறது. ஓடுபாதையின் தொடக்க முனையைக் கடக்கும்போது அதன் உயரம் 50 அடி, அதாவது ஏறத்தாழ 15 மீட்டர் இருக்க வேண்டும். அது 100 அடியாக இருந்தால் என்ன நேரும்? அதே சரிவில் இறங்கும் விமானம் ஏறத்தாழ 290 மீட்டர் தள்ளியே தரையைத் தொடும். 1,350 மீட்டர் ஓடுபாதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றிலேயே கரைந்துவிடும். சரிவு சரியாக உள்ளதா என்பதைக் காட்ட ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் உள்ளன. இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் சரிவு சரி. நான்கும் வெள்ளை எனில் உயரம் மிகுதி. நான்கும் சிவப்பு எனில் ஆபத்தான தாழ்வு.

வேகத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதை இயற்பியலில் கற்றிருப்போம். வேகம் பத்து விழுக்காடு கூடினால் அடக்க வேண்டிய ஆற்றல் இருபத்தொரு விழுக்காடு கூடும். அதற்காக வேகத்தை மிகவும் குறைக்கவும் முடியாது. ஓர் எல்லைக்குக் கீழே போனால் இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் திறனை இழந்துவிடும். அவ்வெல்லையைவிட ஏறத்தாழ முப்பது விழுக்காடு கூடுதலான வேகத்தில் வருவதே பொது நெறி. பின்னிருந்து வீசும் காற்று தரைவேகத்தைக் கூட்டும். ஆகவே, எதிர்க்காற்றை நோக்கி இறங்குவதே நலம். இவையெல்லாம் தரைக்கு வருமுன்பே சீர்செய்யப்பட வேண்டியவை. உதகைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பின்னர்க் கியரைத் தேடும் ஓட்டுநர் எவரும் இலர்.

பூப்போல இறக்கினால் சிறந்த விமானி, ‘தட்’டென்று இறக்கினால் தேர்ச்சியற்றவர் என்று பயணிகள் பலர் கருதுகின்றனர். இது பிழையான எண்ணம். மென்மையாகத் தொட வேண்டும் என்று தரைக்குச் சற்று மேலே மூன்று நொடி மிதந்தால், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் 160 மீட்டருக்கும் மேற்பட்ட ஓடுபாதையை இழந்துவிடும். மழைநாளில் ஓடுபாதைமேல் படிந்திருக்கும் நீர்ப்படலத்தைக் கிழித்துச் சக்கரங்கள் தரையைப் பற்றுவதற்கு உறுதியான தொடுகையே ஏற்றது. நீளம் குறைந்த ஈர ஓடுபாதையில் அந்தத் ‘தட்’ என்னும் ஒலி திறமையின் அடையாளமாகவே இருக்கக்கூடும்.

இக்கணக்குகள் பிழைத்தால் நேர்வதை மங்களூரு கண்டது. 2010 மே 22ஆம் நாள் துபாயிலிருந்து 166 பேருடன் வந்த விமானம், மலைமுகட்டைச் சமன்படுத்தி அமைத்த 2,450 மீட்டர் ஓடுபாதையை அணுகியது. முனையைக் கடக்கையில் 50 அடிக்குப் பதிலாக ஏறத்தாழ 200 அடி உயரத்திலும், 144 நாட் வேகத்திற்குப் பதிலாக 160 நாட் வேகத்திலும் அது இருந்தது. ஆற்றல் கணக்கில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிகுதி. தரையைத் தொட்டபோது 1,500 மீட்டருக்கு மேல் கடந்துபோயிருந்தது. இறங்குவதைக் கைவிட்டு மேலெழுமாறு துணை விமானி ஒன்றுக்கு மேற்பட்ட முறை கூறியும் தலைமை விமானி தொடர்ந்து இறங்கினார். தரையைத் தொட்டதும் முழு வேகத்தடையைப் பயன்படுத்தியிருந்தால் விமானம் நின்றிருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை குறிப்பிடுகிறது. அவரோ வேகத்தைக் குறைக்கத் தொடங்கிய பின்னர் மீண்டும் எழ முயன்றார். விமானம் பள்ளத்தில் வீழ்ந்து எரிந்தது. 158 பேர் உயிரிழந்தனர்.

உரிய நேரத்தில் இறக்கத்தைக் கைவிட்டு மேலெழுதலை ‘மீளேற்றம்’ எனலாம். பயணிகளுக்கு அது அச்சத்தையும் சலிப்பையும் தரும், எரிபொருளும் செலவாகும். தாமதத்துக்கு அஞ்சியோ, தன் கைத்திறத்தின்மீது கொண்ட நம்பிக்கையாலோ அதைத் தவிர்க்கும் மனப்போக்கு விமானிகளிடம் தோன்றலாம். இதனாலேயே, மீளேற்றம் செய்தமைக்காக விமானியைக் குற்றம் காணாத நெறியை விமானத்துறை வகுத்துக்கொண்டது. ஆனால், ஒருமுறை மீளேறியதனால் மட்டும் இடர் நீங்கிவிடுவதில்லை. 2020 ஆகஸ்டு 7ஆம் நாள் கோழிக்கோட்டில் கொட்டும் மழையில் முதல் முயற்சியைக் கைவிட்டு மேலெழுந்த விமானம், மறுமுனையிலிருந்து பின்காற்றோடு இறங்கி, ஓடுபாதையின் பாதியளவைக் கடந்தே தரையைத் தொட்டது. அவ்விபத்தில் 21 பேர் மாண்டனர். இரண்டாம் முயற்சியிலும் அதே கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது.

அதே 2020ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், தேஜஸின் கடற்படை வடிவம் ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா கப்பலின் தளத்தில் முதன்முறையாக இறங்கியது. அதனைச் செலுத்தியவர் கமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர். சூலூரில் நெடிய ஓடுபாதையைப் பயன்படுத்தும் விமானத்தின் உடன்பிறப்பு, அங்கு நூறு மீட்டர் அளவுக்குள் நின்றது, கொக்கி எஃகு வடத்தைப் பற்றிக்கொண்டதால்.