கணக்கு யார் கையில்?

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் கிள்ளானிலும் கிட்டங்கி வைத்துத் தொழில் நடத்திய நகரத்தார், பேரேடும் ஐந்தொகையும் எழுதுவதில் தேர்ந்தவர்கள். மூன்றாண்டுத் தவணைக்கு வந்த மேலாள், கடைக் கணக்கின் படியைச் செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்குக் கப்பலில் அனுப்பிவைப்பார். கணக்குக் கடல் கடந்தது. ஆயினும் உடையவரிடமே சென்றது. இன்று சுபாங் ஜெயாவில் மோட்டார் உதிரிபாகமோ மருந்தோ மொத்தமாக விற்பவரின் கணக்கும் கடல் கடந்துவிடக் கூடும். அது போய்ச் சேருமிடம் உடையவரின் வீடன்று, அயலார் பண்டகசாலை.

இக்கடத்தலைச் செய்வது வணிக நுண்ணறிவு மென்பொருள் எனப்படும் கருவியாகும். விற்பனை, சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றை ஒருங்கே திரட்டி, எந்தக் கிளை தேய்கிறது, எந்தச் சரக்கு தேங்குகிறது என்பதை வரைபடமாகக் காட்டுவது அதன் தொழில். இவ்வகையில் பெயர் பெற்ற பவர் பி.ஐ., டேப்லோ ஆகிய இரண்டும் அமெரிக்க நிறுவனங்களுக்கு உரியவை. அவற்றை விடுத்து, கணக்கைத் தம் நாட்டிலேயே, தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் இப்போது பல நாடுகளில் வலுத்துவருகிறது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 129ஆம் பிரிவு, தனிநபர் விவரங்கள் நாட்டை விட்டு வெளியே செல்வதைக் கட்டுப்படுத்துகிறது. அமைச்சர் அரசிதழில் குறிப்பிடும் நாடுகளுக்கு அனுப்பலாம் என்றிருந்த முறையை 2024ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 2025 ஏப்ரல் முதல், சேருமிடத்தில் ஏறத்தாழ ஒத்த பாதுகாப்பு உண்டா என்று ஆராயும் பொறுப்பு அனுப்பும் நிறுவனத்தின் தலையில் விழுந்திருக்கிறது. வெறும் விற்பனைத் தொகைக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லாத விற்பனை அறிக்கையைக் காண்பது அரிது.

இனி, தரவு மலேசிய மண்ணிலேயே இருந்துவிட்டால் போதாதா எனலாம். 2024 ஆகஸ்டில் அமேசானும், 2025 மே மாதத்தில் மைக்ரோசாப்டும் மலேசியாவில் தம் தரவு மையத் தொகுதிகளைத் திறந்தன. ஆகவே கிடங்கு அருகில் வந்துவிட்டது. சாவி வந்ததா என்பதே வினா. டப்ளின் நகரக் கணிப்பொறியில் இருந்த மின்னஞ்சலை அமெரிக்க அரசு 2013இல் கேட்டபோது, அது அயர்லாந்தில் உள்ளது என்று கூறி மைக்ரோசாப்ட் மறுத்து வழக்காடியது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிற்கையிலேயே, 2018 மார்ச்சில் ‘கிளவுட்’ சட்டம் பிறந்தது. அமெரிக்க நிறுவனத்தின் ஆளுகையில் உள்ள தரவு உலகில் எங்கிருந்தாலும், முறைப்படியான ஆணை வந்தால் அதனை ஒப்படைக்க வேண்டும் என்பது அச்சட்டம். இருக்குமிடம் வேறு, ஆளுகை வேறு என்பது அன்றோடு தெளிவாயிற்று.

ஒப்படைப்பதைக் காட்டிலும் பெரிய இடர் கதவடைப்பு. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை நடத்தும் நயாரா எனர்ஜி, ரஷ்ய நிறுவனமான ரோஸ்நெப்டின் பங்கு உடையது. 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. சில நாட்களில் மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. பணம் கட்டி உரிமம் பெற்றிருந்தும் தன் தரவையே தான் காண முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தில் முறையிட்டது. அம்மாத இறுதிக்குள் சேவை மீண்டது. இந்தியச் சட்டமோ ஐக்கிய நாடுகள் அவையோ விதிக்காத தடை, இந்திய ஆலையொன்றின் மேசைக் கணிப்பொறியில் செயற்பட்டதென்பது கருதத்தக்கது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவிடம் இவ்வகை மென்பொருள் உண்டு. தமிழர் உள்ளம் அங்கே சாய்வது இயல்பே; எனினும் சுபாங் ஜெயா வணிகருக்கு அதுவும் அயல்நாட்டதுதான். சாவியும் தம்மிடமே வேண்டுவோர்க்குத் திறந்தமூல மென்பொருள் உதவும். 2015இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தோன்றி, இப்போது அப்பாச்சி அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள சூப்பர்செட் அத்தகையது. அதனைத் தம் அலுவலகக் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளலாம். மூல நிரலும் கையிலிருக்கும்.

ஆனால் மாறுவதில் உள்ள உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. அதனைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். பதிற்றுப்பத்திற்குப் பழையவுரை கிடைத்திராவிடின், மூலம் கையிலிருந்தும் பல தொடர்கள் பொருள் விளங்காமலே நின்றிருக்கும். வணிகத் தரவும் அப்படிப்பட்ட மூலமே. அதைக் கோப்பாகப் பெயர்த்தெடுத்துவர ஒரு பகற்பொழுது போதும். உரையோ பழைய மென்பொருளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ‘இம்மாத விற்பனை’ என்னும் எண்ணில் திரும்பிவந்த சரக்குக் கழிக்கப்பட்டதா? விற்பனை வரி சேர்ந்ததா? கணக்கிடும் நாள் ஆணை பெற்ற நாளா, பற்றுச்சீட்டு எழுதிய நாளா? இவற்றுக்கெல்லாம் விடை, பவர் பி.ஐ.யின் டி.ஏ.எக்ஸ். என்னும் தனி மொழியில் யாரோ ஓர் ஊழியர் என்றோ எழுதிவைத்த சூத்திரங்களில் உள்ளது. அம்மொழி சூப்பர்செட்டுக்குத் தெரியாது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருக்கவும் கூடும்.

ஆதலின் மாற விரும்பும் நிறுவனம் முதலில் வாங்க வேண்டுவது மென்பொருளன்று, ஒரு குறிப்பேடு. ஒவ்வோர் எண்ணும் எதைக் கூட்டி, எதைக் கழித்து வந்தது என்பதை வழக்குச் சொற்களில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். சொந்தக் கணிப்பொறியைக் காப்பதும், நாள்தோறும் படியெடுத்து வேறிடத்தில் வைப்பதும் யார் கடமை என்பதும் முன்னரே முடிவாக வேண்டும். கவனிப்பாரற்ற சொந்தப் பெட்டியை விட நன்கு காவலிட்ட அயலார் கிடங்கு மேலானது. பின்னர் இரு மென்பொருள்களையும் இரண்டு மூன்று மாதங்கள் அருகருகே ஓட்டி, மாத இறுதி எண்கள் ஒத்துவந்த பின்னரே பழைய உரிமத்தைக் கைவிடலாம். ஒவ்வாத மாதத்தில் மூலப் பற்றுச்சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். பல்லாண்டு நம்பிவந்த பழைய எண்ணே தவறென்று தெரியவருவதும் உண்டு.