கணினிக் களவும் கணினிக் காவலும்

இக்காலத்தே நம்மவரிடையே அடிக்கடி வழங்கும் பிறமொழிச் சொற்களுள் ‘ஹேக்கர்’ என்பதும் ஒன்று. வங்கிக் கணக்கிலிருந்த பணம் மறைந்தாலும், உறவினர் பெயரால் எவனோ ஒருவன் வாட்ஸ்அப்பிற் கடன் கேட்டாலும், ‘ஹேக்கர் புகுந்துவிட்டான்’ என்று கூறி அமைகின்றோம். சொறிக்கல்முனை முதலாகக் கல்முனை ஈறாகவுள்ள நம் ஊர்களில், கடல் கடந்து உழைக்கும் பிள்ளைகளின் பணமும், வேளாண்மை விற்ற பணமும் கைத்தொலைபேசி வழியே கைமாறும் காலம் இது. ஆதலின், இச்சொல்லின் பொருளையும், இத்தொழில் வல்லாரின் வகைகளையும் அறிந்துகொள்ளுதல் யாவர்க்கும் வேண்டுவதாகும். நம் கல்லூரி மாணவர்க்கோ அஃது இன்றியமையாதது.

‘ஹேக்கர்’ என்னுஞ் சொல் தொடக்கத்திலே பழிச்சொல்லாக இருக்கவில்லை. 1950களின் பிற்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில், மாதிரிப் புகையிரதக் கழகம் ஒன்றினைச் சார்ந்த மாணவர், நுட்பமான உபாயமொன்றினால் ஒரு காரியத்தை முடித்தலை ‘ஹேக்’ என்றனர். இயந்திரத்தின் உள்ளியல்பை அறியும் வேட்கையே அவர்களை இயக்கியது. கணினிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, அவற்றுட் பணமும் மந்தணமும் குடிபுகுந்த பின்னரே, அச்சொல்லின்மேற் கள்வன் என்னும் பொருள் ஏறிற்று.

இவர்களைத் தொப்பியின் நிறத்தால் வகுத்தல் மேனாட்டார் மரபு. பழைய அமெரிக்கத் திரைப்படங்களில் நல்லவன் வெள்ளைத் தொப்பியும் தீயவன் கறுப்புத் தொப்பியும் அணிந்து வருவான். நம் வடமோடிக் கூத்திலே வரவைக் கண்ட மாத்திரத்தே பாத்திரத்தின் இயல்பை அறிந்துகொள்வது போன்றதே இதுவும்.

முதலாவது வகையினர் கறுப்புத் தொப்பியினர். உரியவரின் அனுமதியின்றிப் புகுந்து, பொருளையோ தகவலையோ கவர்பவர் இவர். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலே, கள்வர்க்குத் துணையாவன எட்டு எனப் பொற்கொல்லன் எண்ணிக் காட்டுகின்றான். அவ்வெட்டனுள் இடமும் காலமும் கருவியும் இன்றைய கள்வர்க்கும் துணையாகின்றன. 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியிலே நிகழ்ந்த களவு இதற்குத் தக்க சான்று. தீநிரல் என்னுங் கருவியால் அவ்வங்கியின் கணினிகளுட் புகுந்தோர், நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை மாற்றுமாறு 35 கட்டளைகளை விடுத்தனர். அவர் தெரிந்த காலமோ வியாழன் இரவு. வெள்ளியும் சனியும் வங்காளதேசத்திற்கு விடுமுறை. சனியும் ஞாயிறும் அமெரிக்காவிற்கு விடுமுறை. திங்கட்கிழமை, பணம் சென்று சேர்ந்த பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. 8 கோடி 10 இலட்சம் டொலர் அந்நாட்டுக்குச் சென்று, பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளின் வழியே மறைந்தது. 2 கோடி டொலர் நம் இலங்கைத் தீவுக்கும் வந்தது. ஆயின், பணம் பெறவிருந்த அமைப்பின் பெயரில் ‘பவுண்டேசன்’ என்னும் ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையுற்றிருந்தமையால் இடையிலிருந்த வங்கி ஐயுற்று வினவியது, அத்தொகை மீட்கப்பட்டது. கணினிகள் காணத் தவறியதை எழுத்தறிந்த ஒருவரின் விழிப்புக் கண்டுகொண்டது! 2018இல் ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களம் இதன் பொருட்டு வட கொரியர் ஒருவர்மீது குற்றஞ் சாட்டியது. அரசுகளின் ஏவலால் இயங்கும் ஊடுருவுநரும் உளர் என்பது இதனாற் புலனாகும்.

இரண்டாவது வகையினர் கொள்கை பற்றிப் புகுவோர். பணமன்று இவர் நாடுவது; தம் குரலைப் பலர் கேட்கவேண்டும் என்பதே இவர் நோக்கம். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி நம் நாட்டு வலைத்தள முகவரிகள் சிலவற்றை நாடிச் சென்றோர் வேறோர் பக்கத்திற்குத் திருப்பப்பட்டனர். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் துயர், பத்திரிகைச் சுதந்திரம் முதலியன அங்கே பேசப்பட்டிருந்தன. பேசிய பொருள் நியாயமானதாயினும், பிறர் வாயிலை உடைத்துப் பேசியமை குற்றமே.

மூன்றாவது வகையினர் சாம்பல் தொப்பியினர். தீங்கு நினையாது, ஆயின் அனுமதியும் பெறாது புகுவோர் இவர். 2016 ஓகஸ்டில் நம் ஜனாதிபதியின் வலைத்தளத்தில், உயர்தரப் பரீட்சையை ஏப்ரல் மாதத்திற்கு மாற்றுதலைக் கண்டித்தும், நாட்டின் வலைத்தளங்களின் பாதுகாப்பைக் கவனிக்குமாறு கேட்டும் ஓர் அறிவித்தல் தோன்றியது. அதன் தொடர்பிற் கைதானோருள் ஒருவன் 17 வயது மாணவன். இச்செய்தியை நம் மாணவர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவரன்றிக் கற்றுக்குட்டிகள் எனத்தக்க ஒரு சாராரும் உளர். பிறர் இயற்றிய கருவியை எடுத்து, அதன் இயல்பறியாது ஏவி விளையாடுவோர் இவர்.

இனி, வெள்ளைத் தொப்பியினரைக் காண்போம். இவரே நெறிசார் ஊடுருவுநர் எனப்படுவோர். வட்டைக்கு நீர் பாயுமுன்னே வட்டவிதானை வாய்க்காற் கரையோரம் நடந்து, நண்டு வளை எங்குண்டென்று தேடுகின்றார். கரையை உடைக்க நினைப்பவனும் அவ்வளையையே தேடுகின்றான். இருவர் கண்ணும் ஒரே இடத்திற்றான் நிலைக்கும். ஆயினும் முன்னவர் கமக்காரரின் சார்பிலே நடக்கின்றார். கண்டதை அவர்களுக்கே உரைக்கின்றார். நெறிசார் ஊடுருவுநரின் தொழிலும் இத்தகையதே. எக்கணினியை, எவ்வெல்லைவரை, எந்நாட்களிற் சோதிக்கலாம் என்பதை முன்னரே எழுத்திற் பெறுவர், எல்லை கடவார், கண்ட குறையை உரியவர்க்கே அறிவித்து, அது திருத்தப்படும்வரை வாய் திறவார்.

தமிழ்நாட்டினரான லக்ஷ்மன் முத்தையாவின் பணி இதற்கு எடுத்துக்காட்டாகும். பேஸ்புக் நிறுவனம் 2011 முதலாக, விதிகளை வகுத்து, தன் குறைகளைக் கண்டு கூறுவோர்க்குப் பரிசு வழங்கி வருகின்றது. பிறர் படத்தொகுதிகளை எவரும் அழித்துவிடக்கூடிய குறையொன்றை 2015இல் இவர் அந்நிறுவனத்திற்கு அறிவித்து 12,500 டொலர் பெற்றார். 2019இல் அதே நிறுவனத்தின் இன்ஸ்டகிராமில் மற்றொரு குறையைக் கண்டார். கடவுச்சொல்லை மறந்தவர்க்கு ஆறிலக்க எண்ணொன்று அனுப்பப்படும். அது 10 நிமிடமே செல்லும். ஆறிலக்கத்தில் அமையக்கூடிய எண்கள் மொத்தம் 10 இலட்சம். ஓரிடத்திலிருந்து அளவுக்கு மிஞ்சி முயல்வோனைத் தடுக்கக் காவல் இருந்தது. ஆயின், 1,000 இணைய முகவரிகளிலிருந்து ஒரே வேளையில் முயன்றால் 2 இலட்சம் எண்களை அனுப்பலாமென இவர் காட்டினார். 5,000 முகவரிகள் இருப்பின் 10 இலட்சமும் கைக்கெட்டும். எவர் கணக்கும் திறக்கும். கள்வன் கையில் இவ்வறிவு எத்துணைக் கேட்டை விளைத்திருக்கும்! இவரோ உரியவர்க்கு அறிவித்தார், குறை திருத்தப்பட்டது, 30,000 டொலர் பரிசும் கிடைத்தது.

இவற்றால் நாம் பெறுவது யாது? கள்வனையும் காவலனையும் பிரிப்பது கல்வியன்று; இருவர் கற்றதும் ஒன்றே. நல்லெண்ணமும் போதிய எல்லைக்கோடு அன்று. உரியவரின் அனுமதியே அக்கோடு. நம் நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இதனையே வலியுறுத்துகின்றது. தனக்கு உரிமையில்லை என்று அறிந்தும் ஒரு கணினியுள் நுழைய முயல்வோன், எதனையும் திருடாவிடினும் குற்றவாளியே. அதற்கு ஒரு இலட்சம் ரூபாவரை தண்டப்பணமோ, ஐந்தாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ‘விளையாட்டாகச் செய்தேன்’ என்பது விடையாகாது.

ஆயின், பொறுப்பு இளைஞரை மட்டும் சார்ந்ததன்று. 2023இல் இலங்கை அரசின் மின்னஞ்சல் நிலையத்தைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளாவண்ணம் அழிந்தன. பழைய மென்பொருள் காலத்தே புதுப்பிக்கப்படாமையும், அக்காலப் பகுதிக்குரிய காப்புப் பிரதி இன்மையும் அதற்கு ஏதுவாயின. கரையிலே வளையுண்டென்று சொல்ல வருபவனைச் சந்தேகக் கண்கொண்டு விரட்டும் அலுவலகம், வெள்ளம் வந்தபின் வருந்துதல் திண்ணம். குறை கூறுவோர்க்கு முறையான வாயிலொன்றைத் திறந்துவைத்தல் வங்கிகளினதும் திணைக்களங்களினதும் கடனாகும்.

மாணவச் செல்வங்களே, கணினியின் உள்ளியல்பை அறியும் வேட்கையை அணைத்துவிடாதீர். உங்கள் சொந்தக் கணினியிலே சோதனைக் கூடம் அமையுங்கள். பரிசு அறிவித்து அழைக்கும் நிறுவனங்களின் விதிகளை எழுத்தெண்ணிப் படியுங்கள். தற்செயலாய் ஒரு குறை கண்ணிற் பட்டால், மேலும் தோண்டாது உரியவர்க்கோ, 2006இல் நிறுவப்பெற்ற இலங்கை கணினி அவசர தயார்நிலை அணிக்கோ அறிவியுங்கள். ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நம் வாயிலருகே நிற்கின்றது. கணினித் துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்காள், ஆண்டில் ஒரு நாளேனும் கல்லூரிக்கு வந்து இவ்விளைஞர்க்கு வழிகாட்டுங்கள். கூரிய அறிவு வழிகாட்டுவாரின்றித் திரியுமாயின் கேடு வீட்டுக்கும் நாட்டுக்குமாம்; நெறியிலே நிற்குமாயின், ஊரின் உழைப்பனைத்திற்கும் அதுவே காவலாம்.