எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் இரத்தப் பரிசோதனை: செலவு யாரைச் சேர்ந்தது?



உடற்பருமனைக் குறைப்பதற்கென இரைப்பையில் செய்யப்படும் அறுவை சிகிச்சை இன்று நம் பெருநகர மருத்துவமனைகளில் புதுமையான செய்தியன்று. அதற்கு ஆகும் பெருந்தொகையைக் குறித்துக் குடும்பத்தார் கூடி ஆலோசிக்கின்றனர், சேமிப்பைக் கணக்கிடுகின்றனர், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கின்றனர். ஆனால், அதன் பின்னர் ஆயுள் உள்ளவரை ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டிய இரத்தப் பரிசோதனைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்னும் கேள்வியைப் பலர் எழுப்புவதே இல்லை. அறுவை சிகிச்சை வீடு வாங்குவது போன்றதென்றால், இப்பரிசோதனை அவ்வீட்டுக்கு ஆண்டுதோறும் கட்டும் வரி போன்றது.

இப்பரிசோதனை எதற்காக என்பதை முதலில் காண்போம். இவ்வறுவை பெரும்பாலும் இரு முறைகளில் நடைபெறுகிறது. ஒன்றில், இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்பெற்று, எஞ்சியது சட்டைக்கை போன்ற குறுகிய குழாயாகிறது. மற்றொன்றில், இரைப்பையின் மேற்புறத்தில் சிறு பை ஒன்று அமைக்கப்பெற்று, சிறுகுடலில் சற்றுத் தள்ளிய ஓரிடத்தோடு நேரே இணைக்கப்படுகிறது. உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே சென்றுவிடுகிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் சிறப்பாக உறிஞ்சப்படும் இடமோ அந்த முன்சிறுகுடல்தான். பி12 என்னும் வைட்டமின் உடலிற் சேர்வதற்கு இரைப்பையின் அமிலமும், அங்கே சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். இவ்விரண்டும் அறுவைக்குப் பின் குறைந்துவிடுகின்றன.

இதில் ஏமாற்றம் யாதெனில், குறைபாடு உடனே வெளிப்படுவதில்லை. பி12 சத்தைக் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருக்கிறது. ஆகையால் அறுவை முடிந்த முதல் ஆண்டில் நோயாளி உற்சாகமாக இருக்கிறார், எடை குறைகிறது, உறவினர் பாராட்டுகின்றனர். இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின், பாதங்களில் மதமதப்பும் நடையில் தள்ளாட்டமும் தோன்றலாம். நரம்புக்கு நேரும் அச்சேதம் நெடுநாள் நீடித்துவிட்டால், பின்னர் ஊசி போட்டாலும் முழுமையாக மீளாமற் போகக்கூடும். சுண்ணாம்புச் சத்தின் கதை இன்னும் நூதனமானது. இரத்தத்தில் அதன் அளவு குறையத் தொடங்கியவுடன் பாராதைராய்டுச் சுரப்பி விழித்துக்கொண்டு, எலும்பிலிருந்து கடன் வாங்கி இரத்தத்தை நிரப்பிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தாளில் ‘கால்சியம் சரி’ என்றிருக்கும். எலும்போ உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். இதனாலேயே கால்சியத்தோடு பாராதைராய்டு ஹார்மோனையும் டி வைட்டமினையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்கின்றனர் மருத்துவர்கள்.

இப்பாடத்தை மருத்துவ உலகம் எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெமனும் அவர்தம் கூட்டாளிகளும் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கிவிடும் அறுவை முறையைப் பற்றி எழுதினர். எடை குறைந்தது உண்மையே. எனினும் சத்துக் குறைவும் கல்லீரற் பழுதும் மிகுந்தமையால் அம்முறை பிற்காலத்தில் கைவிடப்பட்டது. 1960-களில் அயோவாவைச் சேர்ந்த எட்வர்டு மேசன் இரைப்பையிலேயே மாற்றுவழி அமைக்கும் முறையைத் தொடங்கினார். (நம் மத்திய அரசு சுகாதாரத் திட்டம் டில்லியில் பிறந்ததும் 1954-இல்தான் என்பது ஒரு தற்செயற் பொருத்தம்.)

இன்று பிரிட்டனில் பின்பற்றப்படும் ஒழுங்கு தெளிவானது: அறுவைக்குப் பின் 3, 6, 12 மாதங்களில் பரிசோதனை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுள்வரை. முதல் இரண்டு ஆண்டுகள் அறுவை செய்த மருத்துவமனையும், பின்னர் குடும்ப மருத்துவரும் இப்பொறுப்பை ஏற்க வேண்டுமென்பது அங்குள்ள வழிகாட்டுதல். தேசிய சுகாதாரச் சேவையின் வழியாகச் செய்துகொண்டோருக்குச் செலவும் அரசையே சேர்கிறது.

நம் நாட்டில் நிலைமை வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட பொது விலக்கு விதிகளின்படி, கிலோகிராமில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 40 அல்லது அதற்கு மேலிருந்தால், அல்லது 35 அல்லது அதற்கு மேலிருந்து இதய நோய், கடும் உறக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத நீரிழிவு போன்றவை சேர்ந்திருந்தால், 18 வயது நிரம்பியவருக்கு மருத்துவர் ஆலோசனையின்பேரில் அறுவைச் செலவு கிடைக்க இடமுண்டு. அதே விதிகளிலேயே வேறு இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையிற் சேருவதற்கான செலவு கிடையாது என்கிறது ஒன்று. வைட்டமின், தாதுச் சத்து மாத்திரைகள், மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதித் தந்தாலன்றிக் கிடையா என்கிறது மற்றொன்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, பாலிசிப் பத்திரங்களில் வரும் ‘மருத்துவமனையினின்று வெளிவந்த பின்னர் ஆகும் செலவு’ என்ற தொடர் எப்பொழுதும் ஒரு வியப்பைத் தருவது. ‘பின்னர்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் எல்லையில்லை, பத்திரத்திலோ உண்டு. ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில் அது 60 நாள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 15 நாள். முதற் பரிசோதனை நிகழ வேண்டிய மூன்றாம் மாதத்துக்குள் இரண்டு கதவுகளும் சாத்தப்பட்டுவிடுகின்றன. இலட்சக்கணக்கில் அறுவைக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காக்கும் சிறு செலவுக்குக் கையை விரிப்பது என் கருத்தில் சரியான சிக்கனம் அன்று. பின்னாளில் இரத்தசோகையால் அந்நோயாளி படுக்கையில் விழுந்தால், அதே நிறுவனம் அதைவிடப் பெருந்தொகையைத் தர நேரிடுமே!

எனினும் வழி அடியோடு இல்லாமலில்லை. சில பாலிசிகள் ஆண்டுக்கு ஒரு பரிசோதனையையோ புறநோயாளிச் செலவையோ அனுமதிக்கின்றன. பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆலைத் தொழிலாளருக்கான ஊழியர் அரசுக் காப்பீட்டில் புறநோயாளிச் சிகிச்சையும் அடங்கும். மத்திய அரசு ஊழியர்களுக்கு, சுகாதாரத் திட்டம் உள்ள நகரமாயின் அத்திட்டமும், இல்லாத இடங்களில் 1944-ஆம் ஆண்டின் மருத்துவ உதவி விதிகளும் உதவுகின்றன. மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் பரிசோதனைகளின் பெயர்களோடு ‘எடைக் குறைப்பு அறுவைக்குப் பிந்திய கண்காணிப்பு’ என்ற காரணமும் இருக்குமாறு கேட்டுப் பெறுதல் நலம். காரணமில்லாச் சீட்டு அலுவலக மேசையில் கேள்விக்குறியோடு திரும்பிவருவது நான் அறிந்ததே.

ஊர்விட்டு வாழும் நம்மவருக்கு இதனுடன் வழிச்செலவும் சேர்கிறது. மைசூர்ப் பக்கத்துக் கௌதள்ளியை எடுத்துக்கொள்வோம். கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை கொள்ளேகாலம் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. அங்கே வாழும் தமிழர் ஒருவர் கோயம்புத்தூரில் உறவினர் வீட்டில் தங்கி அறுவை செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவர் மலைவழியே அத்தனை தொலைவு திரும்பிச் செல்ல வேண்டுமா? வேண்டுவதில்லை. இரத்தம் எங்கெடுத்தாலும் இரத்தமே. தேசிய சுகாதார இயக்கத்தின் இலவசப் பரிசோதனைத் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 63 வகைப் பரிசோதனைகளையும், சமுதாய சுகாதார நிலையத்துக்கு 97 வகைகளையும், மாவட்ட மருத்துவமனைக்கு 134 வகைகளையும் வகுத்திருக்கிறது. ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றை இவ்வழியில் செலவின்றி முடித்துக்கொள்ளலாம். எஞ்சுபவை ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், டி வைட்டமின், பாராதைராய்டு ஹார்மோன் முதலியன. மைசூரில் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனையில் எவை கிடைக்கும் என விசாரித்த பின்னர், மீதிக்கு மட்டும் தனியார் கூடத்துக்குப் பணம் கட்டினால் போதும். முடிவுத்தாளைக் கோயம்புத்தூர் மருத்துவருக்கு அனுப்பிவைக்கலாம்.

தனியார் கூடங்கள் ‘முழு உடற்பரிசோதனை’ என்று மலிவாக விளம்பரம் செய்யும் தொகுப்புகளில் எண்ணிக்கை எண்பது தொண்ணூறு என்றிருக்கும். பாராதைராய்டு ஹார்மோன் பலவற்றில் இராது. எண்ணிக்கையைப் பாராமல், மருத்துவர் எழுதிய பெயர்கள் உண்டா என்று பார்க்க வேண்டும். முடி உதிர்கிறதென்று பயோட்டின் மாத்திரை உட்கொள்வோர் அதனை ஆய்வுக்கூடத்தாரிடம் சொல்லிவிட வேண்டும். சில ஹார்மோன் பரிசோதனைகளை அது பிறழச் செய்யும். ஓரிரு நாள் முன்னதாக நிறுத்தச் சொல்லுவார்கள். இல்லையேல் கொடுத்த பணமும் வீண்.

பணத்தைப் பற்றி எண்ணவே கூடாத ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அறுவைக்குப் பின் முதற் சில வாரங்களில் ஓயாத வாந்தி நேர்ந்தால், தயாமின் எனப்படும் பி1 சத்து விரைவில் தீர்ந்துவிடும். தீட்டிய அரிசியையே உண்டோரை முன்னாளில் வாட்டிய பெரிபெரி நோய்க்கு மூலம் இச்சத்தின் குறைவே. பார்வை இரண்டாகத் தெரிதல், நடை தடுமாறுதல், மனக்குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். அப்பொழுது பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் சென்று, அறுவை நடந்த செய்தியை முதலிலேயே சொல்லி, தயாமின் ஊசி பெற வேண்டும். உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டால், அச்செலவைக் காப்பீட்டில் கோருவதற்கும் இடமுண்டு.