பேரு ஊர்ல, ஆளு பஹ்ரைன்ல: வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போட முடியுமா?

முட்டம் லைட்ஹவுஸ் முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருக்கீங்களா? அது நிக்கிற ஊர் உண்மையில கடியப்பட்டணம். குமரி மாவட்டக் கடற்கரை ஊர்கள்ல இருந்து நிறைய பேர் வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடி வேலைக்குப் போறாங்க. அப்படி ஒரு அண்ணனைக் கற்பனை பண்ணிக்கோங்க. பஹ்ரைன்ல படகு வேலை. 2024 ஏப்ரல் 19, தமிழ்நாட்டுல வாக்குப்பதிவு. அம்மாவும் மனைவியும் ஊர்ல பூத் வரிசையில நிக்கிறாங்க. அவர் ஓட்டு என்ன ஆகும்?

சட்டம் என்ன சொல்லுது?

முன்னாடி, ரொம்ப நாள் ஊர்ல இல்லாதவங்க பேரை ‘வழக்கமா இங்க வசிக்கல’ன்னு பட்டியல்ல இருந்து எடுத்துடலாம். 2010-ல மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 20ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. 2011-ல அது நடைமுறைக்கு வந்தது. வேலை, படிப்புன்னு வெளிநாட்டுல இருக்கிற, வேற நாட்டுக் குடியுரிமை வாங்காத இந்தியர், பாஸ்போர்ட்ல இருக்கிற இந்திய முகவரியில வாக்காளரா பதியலாம். அதுக்கு படிவம் 6ஏ. தேர்தல் ஆணையத்தோட இணையதளத்துலயே போடலாம், கட்டணம் இல்ல.

ஆனா ஓட்டை நேர்ல வந்துதான் போடணும். அவங்களுக்கு வாக்காளர் அட்டை கிடையாது. சொந்த ஊர் பூத்துல அசல் பாஸ்போர்ட்டைக் காட்டணும்.

அதாவது, நம்ம அண்ணன் ஒரு பட்டனை அழுத்துறதுக்கு லீவு கேட்கணும், டிக்கெட் போடணும். சில இடங்கள்ல முதலாளி வாங்கி வெச்சிருக்கிற பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கணும். உரிமை கொடுத்தாச்சு, வழி கொடுக்கல. விளைவு? 2024-ல பதிவு செஞ்ச வெளிநாட்டு வாக்காளர்கள் சுமார் 1.2 லட்சம் பேர். வந்து ஓட்டுப் போட்டவங்க 3,000 பேர் கூட இல்ல. அதுலயும் பெரும்பாலானவங்க கேரளாக்காரங்க.

வேற வழியே யோசிக்கலையா?

யோசிச்சாங்க. வெளிநாட்டு இந்தியர்கள் சிலர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. ‘நமக்குப் பதிலா ஊர்ல ஒருத்தர் போடலாம்’னு ஒரு மசோதா 2018-ல மக்களவையில நிறைவேறுச்சு. மாநிலங்களவையில நிறைவேறாம, அந்த மக்களவையோட காலம் முடிஞ்சதும் காலாவதி ஆயிடுச்சு. அதுல ஒரு நியாயமான சந்தேகமும் இருந்தது: அண்ணன் சொன்ன சின்னத்துக்குத்தான் தம்பி போட்டான்னு யாருக்குத் தெரியும்?

அடுத்து 2020-ல, ராணுவத்தினருக்கு இருக்கிற மின்னணு தபால் வாக்கை வெளிநாட்டு இந்தியர்களுக்கும் தரலாம்னு தேர்தல் ஆணையமே அரசுக்கு எழுதுச்சு. வாக்குச்சீட்டு ஆன்லைன்ல வரும். பிரிண்ட் எடுத்து, குறி போட்டு, தபால்ல திருப்பி அனுப்பணும். ஆனா அப்போ வந்த செய்திகளின்படி, முதல் கட்டத்துக்குப் பேசப்பட்ட நாடுகள்ல வளைகுடா இல்ல! அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்தான் இருந்தது. நம்ம அண்ணனுக்கு அதிலயும் இடமில்ல.

இது முடியாத காரியமும் இல்ல. பிலிப்பைன்ஸ் 2003-லேயே இதுக்குச் சட்டம் போட்டுச்சு. அதே வளைகுடாவுல வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ்காரர், 2004-ல இருந்து அங்கிருந்தே அவர் நாட்டுக்கு ஓட்டுப் போடுறார்.

இப்போ என்ன செய்யலாம்?

உங்க வீட்டுல யாராவது வெளியூர்ல இருந்தா, மூணு விஷயம். ஒண்ணு, பட்டியல்ல பேர் இருக்கான்னு பாருங்க. 2025 நவம்பர்ல தமிழ்நாட்டுல தொடங்கின தீவிரத் திருத்தத்துல, ஊர்ல இல்லாதவங்க, இடம் மாறினவங்க பேர் எல்லாம் நீக்கப்பட்டது. ரெண்டு, அங்கேயே தங்கி வேலை பார்க்கிறவங்க 6ஏ போடட்டும். ஊருக்கே திரும்பி வந்துட்டா படிவம் 6 போட்டு சாதாரண வாக்காளரா மாறிக்கலாம். மூணு, ‘அண்ணன் பேர்ல நான் போய்ப் போட்டுடறேன்’னு மட்டும் கிளம்பாதீங்க. அது ஆள்மாறாட்டம், குற்றம்.

நேர்ல வர முடியாதவங்க எதுக்குப் பதியணும்னு கேட்கலாம். வெளிநாட்டுல ஒரு மீனவர் மாட்டிக்கிட்டா, குடும்பம் மனுவோட போய் நிக்கிறது எம்.பி. கிட்டதான். அந்த எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறதுல அவருக்கும் பங்கு இருக்கணும். கடியப்பட்டணம் மாதிரி ஊர்கள்ல எத்தனை பேர் வெளியே இருக்காங்கன்னு பட்டியல்லயே தெரியாத வரைக்கும், தபால் வாக்கு கேட்கிற குரலும் சின்னதாத்தான் கேட்கும்.