வரி திரும்பக் கிடைத்தால் உதவித்தொகை குறைவது ஏன்?

பிரிட்டனில் வேலையை இழந்த ஒருவரின் வீட்டுக்கு வரித்துறையிடமிருந்து ஒரு காசோலை வருகிறது. அவரிடம் கூடுதலாகப் பிடித்த வருமான வரியைத் திருப்பித் தருவதாக உடன் வந்த கடிதம் கூறுகிறது. அடுத்து அவர் கைக்கு வரும் அரசு உதவித்தொகையோ பல நூறு பவுண்டுகள் குறைந்து காணப்படுகிறது. பலர் இதைக் கணக்குப் பிழை என்று எண்ணுகிறார்கள். இது பிழையல்ல. சட்டமே அவ்வாறுதான் எழுதப்பட்டிருக்கிறது.

வரி ஏன் கூடுதலாகப் பிடிக்கப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி தொடங்குகிறது. பெரும்பாலானோருக்கு ஆண்டின் முதல் 12,570 பவுண்டு வருமானத்துக்கு வரி இல்லை. 2021 முதல் இத்தொகை மாறவில்லை. ஆனால் இந்தச் சலுகை மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்காகவே வழங்கப்படுகிறது. மாதம் 2,500 பவுண்டு சம்பளம் வாங்கிய ஒருவர் ஆறு மாதங்களில் வேலையை இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை அவரிடம் சுமார் 1,743 பவுண்டு வரி பிடிக்கப்பட்டிருக்கும். அந்த ஆண்டில் வரிக்குரிய வேறு வருமானம் இல்லையென்றால் அவர் செலுத்த வேண்டியது 486 பவுண்டு மட்டுமே. எஞ்சிய 1,257 பவுண்டு அவருக்குத் திரும்ப வரவேண்டிய பணம்.

இரண்டு இடங்களில் வேலை செய்பவர்களுக்கும் இது நேர்கிறது. பகலில் பல்பொருள் அங்காடியிலும் இரவில் பெட்ரோல் நிலையத்திலும் உழைக்கும் நிலை லண்டன் தமிழர்கள் பலருக்குப் பழக்கமானது. இரண்டாவது வேலையின் சம்பளத்தில் வழக்கமாக வரிச் சலுகை எதுவும் தரப்படாமல் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிக்கப்படும். முதல் வேலை நின்றுபோய், வரிக் குறியீடு திருத்தப்படாமல் இருந்தால், கூடுதல் வரி சேர்ந்துகொண்டே போகும்.

இனி உதவித்தொகைக்கு வருவோம். வேலையில்லாதவர்களுக்கு இங்கே இரு வழிகள் உண்டு. முந்தைய இரண்டு முழு வரி ஆண்டுகளில் போதிய தேசியக் காப்புறுதி செலுத்தியவர்களுக்கு, வேலை தேடுவோர் படி அதிகபட்சம் 182 நாட்களுக்குக் கிடைக்கும். 25 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2025-26இல் அது வாரம் 92.05 பவுண்டு. இது காப்புறுதி அடிப்படையிலானது என்பதால் சேமிப்போ, திரும்பி வந்த வரியோ இதைக் குறைப்பதில்லை. ஆனால் இந்தப் படி வரிக்கு உட்பட்டது. மேலே சொன்னவர் அதே வரி ஆண்டில் 24 வாரங்கள் இதைப் பெற்றால், திரும்ப வரும் தொகை 1,257இலிருந்து ஏறத்தாழ 815 பவுண்டாகக் குறையும். அதுவும் படி முடியும்வரை, அல்லது வரி ஆண்டு முடியும்வரை காத்திருந்தால்தான் கிடைக்கும்.

சிக்கல் இருப்பது இரண்டாவது வழியில், 2013இல் அறிமுகமான யூனிவர்சல் கிரெடிட் திட்டத்தில். குடும்ப வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்து இது வழங்கப்படுகிறது. ஒருவர் சம்பளத்துக்கு வேலை செய்த வரி ஆண்டைச் சேர்ந்த வரி திரும்பி வந்தால், பணம் கைக்கு வந்த மாதத்தின் சம்பளமாகவே அது கருதப்படும் என்கின்றன இத்திட்டத்தின் விதிகள். சம்பளத்தின் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 55 பென்ஸ் கழிக்கப்படுகிறது. ஆகவே 1,257 பவுண்டு வந்த மாதத்தில் 691 பவுண்டு கழிந்துவிடும். கணக்குப் பார்த்தால் அவருக்கு மிஞ்சுவது 566 பவுண்டு. பிள்ளைகள் உள்ளவர்களுக்கும், நோயால் வேலை செய்ய இயலாதவர்களுக்கும் ஒரு பகுதி விலக்கு உண்டு. வாடகை உதவியும் பெறுபவருக்கு 2025-26இல் அது மாதம் 411 பவுண்டு.

முன்பு நிலைமை வேறு. வருமான அடிப்படையிலான பழைய வேலை தேடுவோர் படியில், சம்பளத்தில் பிடித்துத் திரும்பி வந்த வரி சேமிப்பாகவே கருதப்பட்டது. 6,000 பவுண்டைத் தாண்டாதவரை சேமிப்பு படியைப் பாதிக்கவில்லை. அதே பணம், அதே காசோலை. பெயர் மட்டும் சேமிப்பிலிருந்து வருமானமாக மாறியிருக்கிறது.

இதற்கு ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. வரி போகக் கைக்கு வரும் சம்பளத்தை வைத்தே யூனிவர்சல் கிரெடிட் கணக்கிடப்படுகிறது. வேலை செய்துகொண்டே அந்த உதவியையும் பெற்ற ஒருவரிடம் வரி கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருந்தால், அவருடைய சம்பளம் குறைவாகத் தெரிந்து உதவி கூடுதலாகக் கிடைத்திருக்கும். வரி திரும்பும்போது அதை நேர்செய்வது சரியே. ஆனால் வேலையில் இருந்தபோது அரசிடம் ஒரு பென்ஸ்கூட உதவி பெறாதவரின் நிலை என்ன? அவருக்கு நேர்செய்ய எதுவுமில்லை. அவர் கூடுதலாகக் கட்டிய சொந்தப் பணத்தில் பாதிக்கும் மேல், வேலையில்லாத காலத்தில் அரசிடமே திரும்பிப் போகிறது. இந்த இருவரையும் விதி வேறுபடுத்துவதில்லை. இதன் குறை அங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பணம் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தும் விளைவு மாறுகிறது. யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கைக்கு வந்துவிட்டால் அது வெறும் சேமிப்பு. விண்ணப்பித்த மறுவாரம் வந்தால் வருமானம். வரித்துறையின் தாமதம் ஒருவருக்குச் சில நூறு பவுண்டுகளை இழக்கச் செய்யலாம் என்பது இதன் பொருள்.

தமிழர்கள் கணிசமாக வாழும் வேறு இரு நாடுகளிலும் இதே இரட்டை நிலையைக் காணலாம். ஜெர்மனியில் காப்புறுதி அடிப்படையிலான வேலையின்மைப் படியை, திரும்பி வரும் வரி தொடுவதில்லை; ஆனால் தேவை அடிப்படையிலான உதவி பெறுபவருக்கு அது வந்த மாதத்தின் வருமானம். கனடாவின் வேலையின்மைக் காப்புறுதியிலும் அது வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் முன்பு தவறுதலாகக் கூடுதல் உதவி பெற்ற கடன் இருந்தால், திரும்ப வேண்டிய வரியை அரசு அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள முடியும்.

பிரிட்டனில் வரித்துறை காசோலையாக அனுப்பும் பணத்தைப் பெறுபவரே யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பின்னர் அது கடனாகத் திரும்பும், அபராதமும் சேரலாம். புதிய வேலையில் சம்பளத்தோடு சேர்ந்து வந்தால் விவரம் தானாகவே அதிகாரிகளுக்குப் போய்விடும். எந்த வரி ஆண்டுக்கான பணம், எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்ற விவரங்களைப் பத்திரப்படுத்துவது நல்லது. ஒருவர் வேலையே செய்யாத ஆண்டுக்கான தொகையோ, விண்ணப்பிக்கும் முன்பே வந்த தொகையோ சம்பளமாகக் கழிக்கப்பட்டிருந்தால், முடிவு வெளியான ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கோரலாம். அதிலும் தீர்வு கிடைக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.